எனக்குப் போட்டது என்ன ஊசி

கல்பாலத்தின் நடுவுக்கு வந்த பிறகுதான் நான் நொண்டி நடப்பதைக் கவனித்தேன். பெரிய ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அதுவரை ஓட்டமும் நடையுமாக வந்திருந்தேன். வலது குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தால் மட்டும் நடந்ததில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் நின்றுவிட்டேன். உடம்பெல்லாம் வியர்த்தது. இதுதானா, இப்படித்தான் தொடங்குமா என்று நினைத்தேன்.

பாலத்தோரத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் வரிசையாக வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. வாயைத் திறந்து பார்த்தேன். திறந்தது. மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாகப் பல்லுக்கு நடுவில் விட்டேன். போயின. சைக்கிளில் போன ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அந்த மூன்று விரல் சோதனையை அன்று காலை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எனக்குக் காட்டியிருந்தார். மூன்று விரல் போகிறவரை பயமில்லை. இரண்டுதான் போகிறது என்றால் அந்த நிமிடமே ஓடிவர வேண்டும்.

நான் அப்போது அவனியாபுரத்துக்குத் தெற்கே, கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு எலும்புக் கிட்டங்கியில் வேலை பார்த்துவந்தேன். செத்த மாடுகளின் எலும்பைச் சுற்றுவட்டாரத்திலிருந்து வண்டிகளில் கொண்டுவந்து கொட்டுவார்கள். வெயிலில் காயவைத்து, ஒட்டியிருப்பதைச் சுரண்டி, சாக்கில் கட்டி, உர ஆலைக்குப் போகும் லாரியில் ஏற்றுவது வேலை. நாற்றம் நாலு நாளில் பழகிவிடும். கையிலும் காலிலும் சில்லு குத்துவது பழகவே பழகாது, ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைத்து அப்பிவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்குவோம்.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு நான் எந்த ஊரிலும் மூன்று மாதம் தங்கியதில்லை. உப்பளம், செங்கல் சூளை, லாரி செட், ஓட்டல் அடுப்படி என்று போய்க்கொண்டே இருந்தேன். எலும்புக் கிட்டங்கியில் ஐந்தாவது மாதமாக இருந்ததற்குக் காரணம், என்னோடு மூட்டை தூக்கிய ஒருவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். உறவு எதுவும் கிடையாது. கிட்டங்கியை ஒட்டி அவருக்கு ஒரு குடிசை, மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட நாளிலிருந்து எனக்கும் சேர்த்து உலை வைத்தார்.

அன்றைக்கு ஒன்பது நாட்களுக்கு முன்னால் லாரியில் ஏற்றும்போது கயிறு அறுந்து மூட்டைகள் சரிந்தன. அண்ணனுக்கு உள்ளங்கையில் ஒரு சில்லு ஏறியது. மேலேயிருந்து குதித்த எனக்குக் குதிகாலில். இரண்டுமே ஆழம். சுண்ணாம்புக்கு நிற்கிற ரத்தமாக இல்லை. அதனால் அன்று இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம்.

கிட்டங்கி ஆட்களுக்கும் சுற்றியிருந்த தெருக்களுக்கும் அவனியாபுரத்தில் அவர் ஒருவர்தான் டாக்டர். காய்ச்சலுக்கும் அவர், வயிற்றுப்போக்குக்கும் அவர், புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் அவர். கைராசிக்காரர் என்று பேர். யார் போனாலும் ஒரு ஊசி உண்டு. ஊசி போடாமல் அனுப்பினால் ஜனங்கள் அவரை மதிக்கமாட்டார்கள். என்ன ஊசி என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. எங்களிடத்தில் ஊசிகள் இரண்டே வகைதான். எரிகிற ஊசி, எரியாத ஊசி. எரிகிறது நல்ல ஊசி.

அன்றைக்கு எங்கள் இருவருக்கும் போட்டது எரிகிற ஊசி. இடுப்பைத் தேய்த்துக்கொண்டே திரும்பி நடந்தோம்.

“மாப்ள, இந்த எரிச்சலுக்கு எருமை மாட்டுக்குக்கூட நோய் வராது” என்றார் அண்ணன். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். வீட்டில் மதினி கேட்டதற்கு நான்தான் பதில் சொன்னேன்: “ரெண்டு பேருக்கும் ஊசி போட்டாச்சு மதினி. இனி ஒண்ணும் செய்யாது.”

எட்டாவது நாள் அண்ணனால் சோற்றுக் கவளத்தை வாய்க்குள் வைக்க முடியவில்லை. தாடை பிடிக்கிறது என்றார். மதினி டாக்டரிடம் போகச் சொன்னார். அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். கடைவாய்ப்பல் முளைக்கிறதாக இருக்கும், ஊசிதான் போட்டாச்சே, பேசாமல் படுக்கட்டும் என்றேன். எவ்வளவு அறிவோடு சொன்னேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. மறுநாள் விடியும்போது அவர் கழுத்தும் முதுகும் பலகை மாதிரி ஆகிவிட்டன. லாரியில் கிடத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே அதற்கென்று தனி அறை இருந்தது. வாசலில் கறுப்புத் துணி தொங்கியது. உள்ளே விளக்கில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், பேசக் கூடாது என்றார்கள். ஏன் என்று எனக்கு விளங்குவதற்குள், வெளித் தாழ்வாரத்தில் யாருடைய தூக்குச்சட்டியோ கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அண்ணனின் உடம்பு கட்டிலைவிட்டு எழும்பியது. தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையில் பட்டன. நடு உடம்பு வில்லாக நின்றது. முகம் சிரித்தபடி இருந்தது. எப்போதும் சிரிக்கிற மனுஷன் என்பதால், அது சிரிப்பில்லை என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நினைவு தப்பவில்லை. கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வெளியே வந்ததும் மதினி என் கையைப் பிடித்தார். “ஊசி போட்டுட்டுத்தானே வந்தீக? நீங்கதானே சொன்னீக?”

“ஆமா மதினி.”

“போட்டும் இப்பிடி வருமா?”

கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் என் பக்கம் திரும்பினார். என் காலில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தார். “உனக்கும் காயமா? எப்ப பட்டது?”

“அதே அன்னைக்குத்தான் சிஸ்டர். எனக்கும் ஊசி போட்டாரு.”

“என்ன ஊசி?”

“எரியுற ஊசி.”

“எல்லா ஊசியும்தான்யா எரியும். சீரமா, டி.டி.யா, பெனிசிலினா?”

மூன்றும் எனக்குச் சாமி பேர் மாதிரிதான் இருந்தன. சீட்டு எதுவும் உண்டா என்று கேட்டார். எங்கள் டாக்டர் சீட்டெல்லாம் கொடுக்கமாட்டார் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். நாங்கள் ஜன்னி என்கிற இந்த நோய்க்கு டெட்டனஸ் என்று பெயர். காயம் பட்ட அன்றே போட வேண்டிய சீரம் குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. ஒரு தடவை போட்டிருந்தால் அடுத்த தடவை போடும்போது ஆளையே கொன்றுவிடலாம். போடாமல் இருந்தால் இப்போதாவது போட்டாக வேண்டும். ஆகவே எனக்கு என்ன போட்டார்கள் என்பது தெரியாமல் எதுவும் செய்யக் கூடாது.

“உங்க டாக்டர்கிட்டப் போயிக் கேளு. எழுதி வாங்கிட்டு வா. நாளைக்குன்னு இருக்காத, இன்னைக்கே வா. வாயைத் திற பாப்போம்.”

அப்போதுதான் அந்த மூன்று விரல்.

பஸ்ஸில் போயிருக்கலாம். ஏறவில்லை. உட்கார்ந்தால் உடம்பு விறைத்துவிடும் என்று ஏதோ ஒரு எண்ணம். நடந்துகொண்டிருந்தால் நான் நடக்கிறேன் என்பதாவது தெரியும். கீழவாசல் தாண்டி, தெற்குவாசல் தாண்டி நடந்தேன். சந்தடி மிகுந்த இடங்களில் லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் என் உடம்பு எழும்புகிறதா என்று கவனித்தேன். ஒவ்வொரு ஹாரனுக்கும் திடுக்கிட்டேன். எல்லோரும்தான் திடுக்கிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் மற்றவர்கள் யாரும் திடுக்கிட்டமாதிரித் தெரியவில்லை.

வில்லாபுரத்தில் ஒரு கடையில் டீ வாங்கினேன். விழுங்க முடிகிறதா என்று பார்க்கத்தான். ஒவ்வொரு மடக்குக்கும் நடுவில் வாயை அகலத் திறந்து மூடினேன்.

“என்னண்ணே, வாய்க்குள்ள ஈ போயிருச்சா?” என்றான் டீ ஆற்றியவன்.

“பல்வலிப்பா.”

“பல்வலிக்காரன் வாயைப் பொத்துவான். நீங்க என்ன இம்புட்டு அகலமாத் திறக்குறீக, எனக்கே குடல் தெரியுது.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். உதடு இழுபட்டதும் சட்டென்று முகத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். அது என் சிரிப்புதானா என்று.

டாக்டரின் கிளினிக் ஐந்து மணிக்குத்தான் திறக்கும். வாசல் பெஞ்சில் எனக்கு முன்னாலேயே இரண்டு பேர் இருந்தார்கள். காய்கறிக் கூடைக்காரம்மா ஒருவர், இடுப்பு வலி என்று வந்த லாரி டிரைவர் ஒருவர்.

“போன தடவை மஞ்சக் கலர் ஊசி போட்டாரு, நாலு நாள் தெம்பா இருந்துச்சு. இன்னைக்கும் அதையே கேக்கணும்” என்றார் டிரைவர்.

“மஞ்சள் வேணாம்ணே. செவப்புக் கேளுங்க. எங்க வீட்டுக்காரருக்குச் செவப்புத்தான் கேட்டுச்சு. மறுநாளே எந்திரிச்சுச் சண்டைக்கு வந்துட்டாரு.”

“அப்ப உங்களுக்கு நட்டந்தான்.”

பத்து நாளுக்கு முன்னால் என்றால் நானும் ஒரு கலர் சொல்லியிருப்பேன். அன்று அவர்களைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. டிரைவர் காலைப் பார்த்தேன், அந்தம்மாவின் காலைப் பார்த்தேன். வெடிப்பும் கீறலுமாக நாலு கால்கள். செருப்பு ஒருவருக்குத்தான் இருந்தது.

ஐந்து மணிக்குக் கம்பவுண்டர் கதவைத் திறந்தார். என் முறை வந்ததும், பெயரைக் கேட்காமலே மிக்சர் ஊற்றச் சீசாவைத் தேடினார். அன்றைக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்கத்தான் வந்தேன் என்றேன். அவர் சீசாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எதுக்கு? நீயே போட்டுக்கிறப் போறியா?”

கம்பவுண்டர் உள்ளே போய்ச் சொன்னதும் டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார். ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்காமலே, “யார் உன்னைக் கேட்டுட்டு வரச் சொன்னது?” என்றார்.

“அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் போட்டது என்ன ஊசி டாக்டர்?”

“பெனிசிலின். காயம் சீழ் வைக்காம இருக்க. ஏன், சீழ் வச்சிருச்சா?”

“அது ஜன்னிக்குக் கேக்காதா?”

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். நான் கறுப்புத் துணி அறையைப் பற்றிச் சொன்னேன். தூக்குச்சட்டி விழுந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜை விரிப்பின் ஒரு மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார். அதுவரை எனக்குள் ஒரு மூலையில், அவர் சிரித்து, அதெல்லாம் போட்டாச்சு போடா என்பார் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த மடிப்பை அவர் விடாமல் நீவியதைப் பார்த்ததும் அது போய்விட்டது.

“எத்தனாவது நாள்?”

“ஒம்பது.”

“வாயைத் திற.”

திறந்தேன். கழுத்தை அசைக்கச் சொன்னார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். கட்டைப் பிரித்துக் குதிகாலைப் பார்த்தபோது, மேலே மூடியிருந்த தோலுக்குக் கீழே மெத்தென்று இருந்தது எனக்கே தெரிந்தது.

“ஜன்னிக்குன்னு தனியா ஊசி இருக்காம்ல டாக்டர்?”

“இருக்கு.”

“எங்களுக்கு ஏன் சொல்லல?”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம்தான் பட்டார், ஆனால் குரல் எழும்பவில்லை. “சொன்னா போட்டுக்கிட்டிருப்பீங்களா? கர்ப்பிணிக்குச் சொன்னா போட்டுக்கிறா. பச்சப்பிள்ளைக்குச் சொன்னா தாய் கொண்டுவாரா. வளந்த ஆம்பளைகிட்ட, உனக்கு இன்னும் வராத நோய்க்கு ஒரு ஊசி, ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணுன்னு சொன்னா, இந்த டாக்டருக்குப் பைத்தியம்னு அடுத்த தெருவுக்குப் போயிருவான். கிட்டங்கிக்கு ஜீப் வந்துச்சே, மறந்துட்டியா?”

மறக்கவில்லை. நான் அங்கே சேர்ந்த புதிதில் சுகாதார ஆபீஸ் ஜீப் ஒன்று வந்தது. இரண்டு பேர் இறங்கி, ஆம்பளைகள் எல்லோரும் வரிசையில் வாங்க, ஊசி போடணும் என்றார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடித்த காலம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. ஊசி போட்டு மயக்கிக் கொண்டுபோய் அறுத்துவிடுவார்கள் என்று எங்களில் ஒருவன் சொன்னான். அவ்வளவுதான். பின்சுவரை முதலில் தாண்டியது அண்ணன். இரண்டு பெண்ணோடு நிறுத்த முடியாது மாப்ள, எனக்கு ஒரு பயல் வேணும் என்று கத்திக்கொண்டே தாண்டினார். நான் கல்யாணமே ஆகாதவன், நானும் தாண்டினேன். கண்மாய்க் கரையில் சாயங்காலம்வரை உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

“அந்த ஜீப்பை வரச் சொல்லி எழுதினது நான்” என்றார் டாக்டர். “மாட்டெலும்புல வேலை செய்யிற ஆளுகளுக்குத்தான் இது முதல்ல வரும்னு எழுதினேன். நீங்க ஓடிட்டீங்க. உங்க முதலாளி வந்து, வேலை கெட்டுப் போச்சு, இனிமே எதுனாலும் என்னையக் கேட்டுட்டுச் செய்யுங்கன்னு சத்தம் போட்டாரு. சரின்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் யார்கிட்டயும் நான் சொல்றதில்ல. காயத்தோட வந்தா பெனிசிலின் போடுறேன். அநேகமா அதுலயே சரியாயிருது.”

“அநேகமா.”

“ஆமா.”

அவரைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்தேன். நானே சுவர் தாண்டியவன் என்பதால் அதில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியைச் சொல்லவும் பயமாக இருந்தது. இனி எனக்குச் செய்ய வேண்டியதை அவர்தானே செய்ய வேண்டும்.

கம்பவுண்டரை சைக்கிளில் மெடிக்கல் கடைக்கு அனுப்பினார். வாய் அகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு ஒரு சின்ன மருந்துக்குப்பி வந்தது. தோள்பட்டையில் போட்டார். எரியவே இல்லை. அது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

“இதான் அதுவா?”

“இதான், டி.டி. ஆனா கேட்டுக்க. இது உள்ள இருக்கிறதை அடக்காது. இனிமே படுற காயத்துக்குத்தான் இது. இந்தக் காயத்துக்குச் சீரம் வேணும், அதைப் பெரியாஸ்பத்திரியில சோதிச்சுப் பாத்துத்தான் போடணும். எழுதித் தாரேன். மூணு வாரம் தாண்டிட்டா அநேகமா பயமில்ல. ஒரு மாசத்துல ரெண்டாவது ஊசிக்கு வரணும், அதைப் போடலைன்னா இது போட்டும் பிரயோசனமில்ல.” பிறகு மெதுவாக, “நாளைக்குப் பத்து மணிக்குக் கிட்டங்கிக்கு நானே போறேன். மருந்தோட. நீயும் வந்து நில்லு. உன் காலைக் காட்டு. அவன் எப்படிக் கிடக்கான்னு உன் வாயால சொல்லு. நான் சொன்னா ஓடுவாங்க. நீ சொன்னா நிப்பாங்க.”

“வாரேன் டாக்டர்” என்றேன்.

அவர் எழுதிக்கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இந்தத் தடவை பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் சீரத்தில் ஒரு சொட்டை முன்னங்கைத் தோலுக்குள் ஏற்றி, சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டு, அரைமணி நேரம் உட்காரச் சொன்னார்கள். வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கொசுக்கடி போல இருந்தது. பிறகு சிவப்பு கோட்டைத் தொட்டது. பிறகு தாண்டியது. அரிப்பு தாங்கவில்லை. சொறிந்தால் கணக்குக் கெட்டுப்போகுமோ என்று சொறியாமல் இருந்தேன். இளம் டாக்டர் ஒருவர் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். எனக்குச் சீரம் ஒத்துக்கொள்ளாது, போட முடியாது என்றார்கள். காயத்தை வெட்டித் திறந்து, உள்ளே கிடந்த ஒரு நகமளவு எலும்பை எடுத்தார்கள். அப்போது கத்தினேன். தைக்காமல் திறந்தபடியே கட்டினார்கள். தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும், கால் ஈரத்தில் படக் கூடாது, எலும்புப் பக்கமே போகக் கூடாது, தாடையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மதினி தாழ்வாரச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இருவரையும் யாரோ ஊருக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். நானும் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

“என்ன சொன்னாரு டாக்டரு?”

“நமக்குப் போட்டது வேற ஊசியாம் மதினி. காயத்துக்குப் போடுறது.”

“அப்ப இதுக்குன்னு ஒண்ணு இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“கேட்டிருந்தா போட்டிருப்பாரா?”

“போட்டிருப்பாரு.”

“எனக்குத் தெரியாது. நான் பொம்பளை, படிக்காதவ. நீங்க எழுத்துக் கூட்டிப் பேப்பர் படிக்கிறவக. நீங்களும் கேக்கலையா?”

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஜீப் வந்த அன்று அவர் பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருந்தார், நாங்கள் ஓடியது அவருக்குத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் அங்கேயே சுவரில் சாய்ந்து கிடந்தேன். கண் அசரும்போதெல்லாம் தாடை பூட்டிக்கொண்டதாகத் தோன்றி விழித்து விரலை விட்டுப் பார்த்தேன். பக்கத்தில் படுத்திருந்த ஆள் என்னைப் பார்த்துவிட்டுப் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

விடிந்ததும் கறுப்புத் துணியை விலக்கி வந்த நர்ஸிடம் கேட்டேன். “இருக்காரு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தார்.

கட்டு மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மணி எட்டு. அவனியாபுரத்துக்குப் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. பத்து மணிக்குள் போய்விடலாம். படியில் ஒரு கையை வைத்தேன். கிட்டங்கியின் வாசலும், உள்ளே மலைபோலக் கிடக்கும் எலும்பும், தரையெல்லாம் சிதறிக் கிடக்கும் வெள்ளைச் சில்லுகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அதன் நடுவில் திறந்த புண்ணோடு நின்று நான் பேச வேண்டும். கையை எடுத்துவிட்டேன். அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த பஸ்ஸும் வந்து போனது.

வேறொரு நேரமாக இருந்தால் அன்றே ரயில் ஏறி ஏதாவது ஒரு ஊருக்குப் போயிருப்பேன். போக முடியாது. தினமும் கட்டு மாற்ற வேண்டும். ஒரு மாதத்தில் அந்த இரண்டாவது ஊசி. அதுவரை மதுரையை விட்டு நகரவும் பயம்.

ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகிற தூரத்தில், ஈரம் இல்லாத, உட்கார்ந்து செய்கிற வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் கேட்டு செல்லூர்ச் சந்துகளுக்குள் போனேன். மூன்று இடத்தில் என் காலைப் பார்த்து வேண்டாம் என்றார்கள். நான்காவது ஒரு தறிக் கொட்டகை. உள்ளே எட்டுத் தறிகள் ஓடின. முதலாளி மனைவிதான் ஆள் வைப்பவர். உள்ளே திரும்பித் தன் வீட்டு மொழியில் யாரிடமோ எதையோ கேட்டுவிட்டு, என்னிடம் தமிழில் சொன்னார். “தார் சுத்துற வேலைதான் இருக்கு. தறியில குறுக்க ஓடுற நாடாவுக்குள்ள வைக்கிற குச்சியில நூல் சுத்தணும். பொம்பளையாளுக செய்யிறது. செய்வியா?”

“செய்யிறேன்க்கா.”

“எம்புட்டு நாள் இருப்ப? நாலு நாள் பழகிட்டு ஓடிப் போறதுக்கு ஆள் வேணாம்.”

“ஒரு மாசம் கண்டிப்பா இருப்பேன்.”

“கணக்கா ஒரு மாசம்னு சொல்றியே, அப்புறம் ஜெயிலுக்குப் போகணுமா?”

ராட்டைகளில் உட்கார்ந்திருந்த மூன்று பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நூலை எப்படிப் பிடிப்பது, எங்கே இழுத்து எங்கே விடுவது என்று ஒரு தடவை காட்டினாள். முதல் தார் கோணல்மாணலாகச் சுற்றியது. அவள் அதை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டி, “பாருங்கடி, அண்ணன் முருங்கைக்காய் சுத்தியிருக்காரு” என்றாள். பிரித்து மறுபடி சுற்றினேன். சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அது பத்து அடித்தபோது தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரிந்தது. காலைத் தரையில் படாமல் மடித்து வைத்துக்கொண்டு அடுத்த குச்சியை எடுத்து மாட்டினேன்.